அரசாங்கக் கணக்குகள் யாருடைய உடைமை?

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், அரக்கோணத்தைக் கடந்து ஆந்திர நாட்டுக்குள் புகுந்தபின் வரும் பெரிய சந்திப்பு ரேணிகுண்டா. மேற்கே குண்டக்கல்லை நோக்கிச் செல்லும் வண்டிகளும், வடகிழக்கே கூடூர்ப் பக்கம் திரும்பும் வண்டிகளும், தெற்கே பாகாலா வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் வண்டிகளும் இங்கே கூடிப் பிரிகின்றன. திருப்பதி இங்கிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவுதான். வெளிமாநிலங்களில் பிழைப்பு நாடிச் சென்று குடியேறிய தமிழர்களில் ரேணிகுண்டாவைக் கடக்காதவர் சிலரே இருப்பர். பெரும்பாலோர்க்கு அஃது ஊரன்று, நடைமேடை. தேநீர் வாங்கவும் குடிநீர் பிடிக்கவும் ஆன இடம். அவ்வளவே.

ஆயினும் அந்த ஒரு சிற்றூரைப் பற்றி அரசாங்கம் எத்தனை கணக்குகளை எழுதி வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எந்த வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதை ரயில்வே இலாகா எழுதி வைத்திருக்கிறது. அஞ்சல் இலாகா அதற்கு 517520 என்று ஓர் எண் இட்டிருக்கிறது. அங்குள்ள வானூர்தி நிலையத்தில் மாதந்தோறும் எத்தனை பேர் ஏறினர், எத்தனை பேர் இறங்கினர் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அம்மண்டலத்தில் பெய்த மழைக்கு ஒன்று. விளைந்த நிலத்துக்கு ஒன்று. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை, வீடுவீடாகச் சென்று, இன்ன மொழி பேசுவோர் இத்தனை பேர் என்று எழுதும் பெருங்கணக்கு ஒன்று.

இக்கணக்குகள் எல்லாம் யாருடைய உடைமை? இதுவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கேள்வி எளிதாகத் தோன்றும். மக்கள் கொடுத்த வரிப்பணத்தில், மக்களைக் கேட்டு, மக்களுக்காக எழுதிய கணக்கு மக்களுடையதே அன்றோ என்று யாரும் விடை சொல்லிவிடலாம். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. நமது நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அரசாங்கம் ஆக்கிய நூலுக்கும் பட்டியலுக்கும் அரசாங்கமே முதல் உரிமையாளர். அவ்வுரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுக்காலம் நீடிக்கும். அரசிதழில் வெளிவந்தவை, சட்டமன்றத்தின் சட்டங்கள், அவையில் வைக்கப்பட்ட குழு அறிக்கைகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அமெரிக்க நாட்டிலோ மத்திய அரசின் ஊழியர் தம் கடமையாக எழுதியதற்குப் பதிப்புரிமையே கிடையாது. எழுதிய அன்றே அது பொதுச்சொத்து. இவ்வேறுபாடு சிறியதன்று. ஒரு கணக்கைப் பார்க்க விடுவது வேறு. அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் வேலைக்குப் பயன்படுத்த விடுவது வேறு. கிணற்றை எட்டிப் பார்க்கலாம், நீர் இறைக்கக்கூடாது என்பது போன்ற நிலையே நம் நாட்டில் நெடுங்காலம் இருந்து வந்தது.

ரேணிகுண்டாவை நாம் எடுத்துக்காட்டாகக் கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. கணக்கு என்பது ஏட்டில் உறங்கும் பொருளன்று, எல்லைக் கல்லையே நகர்த்தவல்லது என்பதை அந்த வட்டாரத்தைப் போல் வேறெந்த வட்டாரமும் தமிழருக்கு உணர்த்தியதில்லை. 1911ஆம் ஆண்டில் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. திருப்பதியும் திருத்தணியும் தமிழகத்துக்கே உரியவை என்று ம.பொ.சிவஞானம் முதலானோர் கிளர்ச்சி நடத்தினர். இறுதியில் பட்டாஸ்கர் என்பார் நடுவராக நியமிக்கப்பட்டார். அவர் வகுத்த நெறி பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. கிராமத்தையே அலகாகக் கொள்வது. ஒவ்வொரு கிராமத்திலும் எம்மொழி பேசுவோர் மிகுதி என்று மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு பார்ப்பது. நிலத்தொடர்ச்சி விட்டுப்போகாதபடி எல்லை வகுப்பது. அதன்படி 1959ஆம் ஆண்டில் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டம் இப்பால் வந்தது. சத்தியவேடுப் பகுதி அப்பால் சென்றது. திருப்பதியும் ரேணிகுண்டாவும் ஆந்திரத்திலேயே நின்றன.

அந்நாளில் கிராமவாரியான மொழிக் கணக்கைப் பார்க்க விரும்பிய ஒரு பள்ளி ஆசிரியரோ சிறு வணிகரோ என்ன செய்திருக்க முடியும்? அச்சான தொகுதிகள் பெருநகரத்து நூலகங்களிலும் அலுவலகங்களிலும் இருந்தன. தம் ஊரின் தலைவிதியை முடிவு செய்த எண்களைத் தம் கண்ணால் கண்டவர்கள் அவ்வூர்களில் அரியர். இன்று அதே வகைப் பட்டியலை, ஒரு கைபேசி உடைய எவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதற்படி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கு எட்டாண்டு முன்னரே, 1997இல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது என்பதை இங்கே நினைவுகூரலாம். விலக்குகள் மிகுந்த சட்டம்தான், எனினும் முன்னோடி. மத்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்பதற்குக் காத்திராமல் ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே பல செய்திகளை வெளியிட வேண்டும் என்று கட்டளையிட்டது. கேட்டால் தருவது என்ற நிலையிலிருந்து கேளாமலே தருவது என்ற நிலைக்கு இது வழிகாட்டிற்று.

அடுத்த படி வெளிநாட்டுக் காற்று. 2009 மே மாதத்தில் அமெரிக்க அரசு தன் இலாகாக்களின் கணக்குகளை ஒரே இணையத்தளத்தில் திரட்டி வைத்தது. 2010 ஜனவரியில் பிரிட்டனும் அவ்வாறே செய்தது. நம் நாட்டில் 2012 பிப்ரவரி 9ஆம் நாள் மத்திய அமைச்சரவை, தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. மார்ச் 17ஆம் நாள் அது அரசிதழில் வெளிவந்தது. அறிவியல் தொழில்நுட்பத் துறை இதற்குத் தலைமை தாங்கியது. தேசியத் தகவலியல் மையம் அவ்வாண்டு அக்டோபரில் டேட்டா.கவ்.இன் என்னும் தளத்தை அமைத்தது. கொள்கை வெளியான மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு துறையும் மிகப் பயனுள்ள ஐந்து கணக்குத் தொகுதிகளையேனும் அங்கே வைக்க வேண்டும், எஞ்சியவற்றை ஓராண்டுக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. விதி எத்துணைக்கு நிறைவேறிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச அனுமதிக்க வேண்டுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய இடங்களில் நிற்காமல் போவது கடினம். முன்னெல்லாம் புள்ளிவிவரம் என்றே எழுதினோம். இப்போது தரவு என்ற சொல் வழக்குக்கு வந்துவிட்டது. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர் என்பதை யாப்பிலக்கணம் படித்தோர் அறிவர். டேட்டா என்பது இலத்தீன் சொல். கொடுக்கப்பட்டவை என்பது அதன் நேர்ப்பொருள். தரவு என்பதும் தருதல் என்னும் வினையிலிருந்தே பிறந்தது. இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு நூற்றில் ஒன்றுதான் வாய்க்கும். தராத அலுவலகத்தின் ஏட்டைத் தரவு என்று அழைக்கலாமா என்று வேடிக்கையாகக் கேட்கத் தோன்றுகிறது.

நிற்க. 2012ஆம் ஆண்டுக் கொள்கை கணக்குகளை மூவகையாகப் பிரித்தது: எவரும் எடுக்கத்தக்கவை, பெயரைப் பதிவு செய்துகொண்டு எடுக்கத்தக்கவை, உரிய அனுமதியின்றி எடுக்கத்தகாதவை. நாட்டின் பாதுகாப்பைச் சேர்ந்தவையும் தனிமனிதரின் அந்தரங்கத்தைச் சேர்ந்தவையும் புறத்தே நிறுத்தப்பட்டன. ஆனால் பதிப்புரிமை என்ற முடிச்சு அப்போதும் அவிழவில்லை. தளத்தில் கண்ட பட்டியலை எடுத்து ஒருவர் நூலாக அச்சிட்டு விற்றால் குற்றமா என்ற ஐயம் ஐந்தாண்டு நின்றது. 2017 பிப்ரவரியில் வெளியான அரசாங்கத் திறந்த தரவு உரிமம் அந்த முடிச்சை அவிழ்த்தது. இவ்வுரிமத்தின் கீழ் வரும் கணக்கை எவரும், உலகில் எவ்விடத்திலும், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், மாற்றி அமைக்கலாம், வெளியிடலாம், அதைக்கொண்டு வணிகமும் செய்யலாம். மொழிபெயர்க்கலாம் என்ற சொல்லும் அவ்வுரிமத்தில் தெளிவாகவே இடம்பெற்றிருக்கிறது. எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட வேண்டும் என்பதே முதன்மையான நிபந்தனை. அரசு முத்திரைகள், அடையாள ஆவணங்கள், தனிமனிதச் செய்திகள் முதலியன இதில் அடங்கா.

தமிழ் மக்களுக்கு இக்கருத்து புதிதன்று. பாரதியாரின் படைப்புகளின் பதிப்புரிமையை 1949இல் சென்னை அரசாங்கம் பெற்றுப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கிய செய்தி எல்லாரும் அறிந்ததே. நாட்டுடைமை என்ற அருமையான சொல்லும் நம்மிடம் உண்டு. அவ்வழியில் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் பிற்காலத்தில் பொதுவாக்கப்பட்டன. தமிழ் இணையக் கல்விக்கழகம் அவற்றுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மின்படிகளைத் தமிழ் விக்கிமூலத்துக்கு எவ்விதத் தடையுமின்றி வழங்கியது. நூலுக்குச் செய்ததைக் கணக்குக்கும் செய்வதே இன்று நாம் பேசும் முயற்சி.

இதனால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். ரயில்வே கால அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அத்தளத்தில் வைக்கப்பட்ட அந்த அட்டவணையில், வண்டி எண், நிலையத்தின் குறியீடு, வந்து சேரும் நேரம், புறப்படும் நேரம், தொலைவு ஆகியவை வரிவரியாக உள்ளன. ரேணிகுண்டாவின் குறியீடு ஆர்.யூ. என்னும் இரண்டே எழுத்து. அவ்விரண்டு எழுத்தைக் கொண்டு சலித்தால், அங்கே நிற்கும் வண்டிகள் அனைத்தும் ஒரு பட்டியலாகத் திரளும். தாராவியிலோ புனேயிலோ உள்ள ஒரு தமிழ்ச்சங்கம், தம் உறுப்பினர் ஊர் திரும்பும் வண்டிகளை மட்டும் பிரித்து, எந்தச் சந்திப்பில் இறங்கினால் வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் மாற்றுவண்டி கிடைக்கும் என்று தமிழில் ஒரு சிறு கையேடு அச்சிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: அட்டவணை எந்தத் தேதியைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டு அட்டவணையை நம்பி இன்று நடைமேடையில் நின்றால் வண்டி வாராது.

அஞ்சல் எண்களின் பட்டியலும் அத்தகையதே. 1972 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிய அந்த ஆறிலக்க முறையில் முதல் எண் 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம். திருத்தணி 6இல் தொடங்கும். ரேணிகுண்டா 5இல் தொடங்கும். பட்டாஸ்கர் கிழித்த கோடு அஞ்சலுறையின் மீதும் இன்று கிடக்கிறது. இந்தியாவின் அஞ்சல் நிலையங்கள் அனைத்தையும் அடக்கிய இப்பட்டியலைச் சிறு வணிகர்களும் பொருள் அனுப்பும் நிறுவனங்களும் எடுத்துப் பயன்படுத்துகின்றனர்.

சந்தை விலை மற்றொன்று. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி தக்காளிக்குப் பேர்போன சந்தை. அங்கே விலை ஏறினால் சென்னைக் கோயம்பேட்டிலும் ஏறும். நாட்டின் ஒழுங்குமுறைச் சந்தைகளில் அன்றாடம் விற்ற விலைகளைத் திரட்டும் ஏற்பாடு 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. இப்போது அவ்விலைகளும் திறந்த தளத்தில் நாள்தோறும் வைக்கப்படுகின்றன. இடைத்தரகர் ஒருவர் மட்டும் அறிந்திருந்த எண்ணை உழவரும் அறிகிறார். அறிந்ததனாலேயே விலை கூடிவிடாது என்பது உண்மைதான். ஏமாறுவது குறையும்.

மழைக்கணக்கு இவை எல்லாவற்றிலும் பழமையானது. இந்திய வானிலைத் துறை, 1901 முதலான நாள்மழையை நாடு முழுவதும் சதுரஞ்சதுரமாக வகுத்துக் கணித்து வெளியிட்டிருக்கிறது. 2021 நவம்பரில் திருப்பதி வட்டாரத்தில் பெருமழை கொட்டியது, சொர்ணமுகி கரைபுரண்டது, ராயலசெருவு ஏரியின் கரை கசிந்து, உடையுமோ என்ற அச்சத்தில் சுற்றுக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். இத்தகைய ஏரியின் கீழ் வாழ்வோர்க்கு அதன் கொள்ளளவும், கரையின் வயதும், முன்னே எந்த ஆண்டு எவ்வளவு பெய்தபோது எவ்வளவு நிரம்பியது என்பதும் அலங்காரச் செய்திகள் அல்ல.

தேசப்படங்களின் கதை இதனினும் நீண்டது. 1802இல் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் பயனாக உண்டான படங்கள், விடுதலைக்குப் பின்னரும் பன்னெடுங்காலம் பூட்டிய அலமாரியிலேயே இருந்தன. 2021 பிப்ரவரி 15ஆம் நாள் வெளியான நெறிமுறைகள்தாம் படம் வரைவோர்க்கு இருந்த அனுமதிக் கட்டுகளைப் பெரிதும் தளர்த்தின.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். முயற்சியைப் பாராட்டுவோர் குறையைச் சொல்லத் தயங்கினால் பாராட்டுக்கும் மதிப்பில்லை.

வெளியிட்ட தொகுதிகள் இத்தனை இலட்சம் என்று பெருமை பேசுவது எளிது. ஒரே கணக்கை மாவட்டத்துக்கு ஒன்றாக, மாதத்துக்கு ஒன்றாக நறுக்கி வைத்தால் எண்ணிக்கை தானே பெருகும். அச்சிட்ட தாளை நிழற்படம் பிடித்து வைப்பதும் நடக்கிறது. நமக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் முந்நூறு பக்கப் பட்டியல் ஒன்று அவ்வாறே வைக்கப்பட்டது; பாதிப் பக்கங்கள் தலைகீழ். கண்ணால் படிக்கலாம், கழுத்தைத் திருப்பிக்கொண்டு. கணிப்பொறியால் கூட்டவோ கழிக்கவோ இயலாது. கூட்ட முடியாத கணக்கைத் திறந்த கணக்கு என்பது பொருந்தாது.

பெயர்களால் வரும் இடர் மற்றொன்று. ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. திருப்பதிக்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டு உண்டு. மேலும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ரேணிகுண்டா சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் முதல் அது புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் நகரவில்லை; தலைப்பு மாறிற்று. இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட விரும்புவோர் பெயரை நம்பினால் மோசம் போவர். ஆதலால் ஒவ்வொரு கிராமத்துக்கும் மாறாத ஓர் எண் வேண்டும். பஞ்சாயத்து அமைச்சகம் தொகுத்துள்ள உள்ளாட்சிக் குறியீட்டுப் பட்டியல் இவ்வகையில் பேருதவி. எண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே என்று எண்ண வேண்டா. இந்த வேலையில் பாதி இதுதான்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தளத்திலுள்ள பட்டியல்களின் தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஒரு தெலுங்கு உழவருக்கும் ஒரு தமிழ் நெசவாளிக்கும் அது பூட்டிய கதவே. எண்களை மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. பத்திகளின் தலைப்புகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். அதிகம் போனால் ஒரு பட்டியலுக்கு இருபது சொற்கள். 2022இல் தொடங்கிய பாஷினி என்னும் மொழிபெயர்ப்புத் திட்டம் இதற்குக் கருவிகளைத் தருகிறது. ஆயினும் நிகர விதைப்பரப்பு என்றால் என்ன, மொத்த விதைப்பரப்பு என்றால் என்ன என்று அறிந்த ஒருவர் கண்ணோட்டம் இடாமல் விடப்படும் மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தைவிட அதிகமாகக் குழப்பும் என்பது நம் அனுபவம்.

விற்பனை என்ற ஆசையும் இடையிடையே தலைகாட்டிற்று. 2019இல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் கணக்கை மொத்தமாக விற்க ஒரு கொள்கை வகுத்தது. வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், கல்வி நிலையங்களுக்கு 5 இலட்சம் ரூபாய் என்று விலையும் குறித்தது. தனிமனிதரின் அந்தரங்கம் கெடும் என்ற கண்டனம் எழுந்தமையால் 2020 ஜூனில் அக்கொள்கை கைவிடப்பட்டது. 2022 பிப்ரவரியில் வெளியான மற்றொரு வரைவும் அரசாங்கக் கணக்கை விலைக்குத் தர இடம் வைத்திருந்தது. எதிர்ப்புக்குப் பின் மே மாதம் வந்த புதிய வரைவில் அப்பகுதி காணப்படவில்லை. தனிமனிதரின் செய்தி விலைக்கும் உரியதன்று, இலவசத்துக்கும் உரியதன்று என்பதே நமது கருத்து. ரேணிகுண்டாவில் எத்தனை வண்டிகள் பதிவாயின என்பது பொதுக்கணக்கு. இன்னாருடைய வண்டி இன்ன எண் என்பது அவர் வீட்டுச் செய்தி. அதே வேளையில், அந்தரங்கம் என்ற சொல்லை அதிகாரிகள் கேடயமாகப் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. 2023ஆம் ஆண்டுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுநலன் கருதித் தனிச்செய்தியை வெளியிட வகைசெய்த வாசகத்தைத் திருத்தியமைத்தது குறித்துப் பலர் கவலை தெரிவித்தமைக்கு இதுவே காரணம்.

நேயர்களே, பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய உங்களை மிக நெருங்கித் தொடும் கணக்கு ஒன்று உண்டு. அதுதான் தாய்மொழிக் கணக்கு.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 6 கோடியே 90 இலட்சம் பேர். அவருள் கர்நாடகத்தில் இருந்தோர் 21 இலட்சத்துக்கு மேல். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 7 இலட்சத்துக்கு மேல். மகாராஷ்டிரத்திலும் கேரளத்திலும் ஐந்தைந்து இலட்சம் அளவில். இப்பட்டியல் மாவட்டம், அதனுள் வட்டம் அல்லது மண்டலம் என்ற அளவு வரையில் கிடைக்கிறது. ரேணிகுண்டா மண்டலத்துக்கென்றே அதில் வரிகள் உண்டு.

இவ்வரிகளால் என்ன? அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, சிறுபான்மை மொழியினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. அதற்கடுத்த 350பி பிரிவின்படி, மொழிச் சிறுபான்மையினருக்கென ஓர் ஆணையர் இருக்கிறார். ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளேனும், பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளேனும் இருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பது மாநிலங்கள் ஒப்புக்கொண்ட நெறி. மாவட்டத்திலோ அதனுட்பட்ட பகுதியிலோ மக்களுள் நூற்றுக்கு 15 பேரேனும் ஒரு மொழி பேசினால், முக்கியமான விதிகளையும் அறிவிப்புகளையும் அம்மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது மற்றொரு நெறி.

இந்த 15 என்ற எண்ணை எப்படி மெய்ப்பிப்பது? எங்கள் ஊரில் தமிழர் நிறைய இருக்கிறோம் என்று மனுவில் எழுதினால் எந்த அதிகாரியும் அசைய மாட்டார். இன்ன மண்டலத்தில் இத்தனை பேரில் இத்தனை பேர் என்று அரசாங்கத்தின் சொந்த ஏட்டையே எடுத்துக்காட்டினால் மறுக்க வழியில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு என்று எல்லையோரமாக உள்ள இடங்களில் தமிழ்ப்பள்ளி வேண்டுவோர்க்கும், பெங்களூரிலும் மும்பையிலும் தமிழ் வகுப்பு மூடப்படாமல் காக்க முயல்வோர்க்கும் இப்பட்டியலே கையிலுள்ள ஆயுதம். பள்ளிகளின் கணக்கும் ஆண்டுதோறும் திரட்டப்படுகிறது. ஒரு பள்ளியில் எம்மொழியில் கற்பிக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது அதில் தெரியும். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால், பிள்ளைகள் இருந்தும் பள்ளி இல்லாத இடம் எது என்று வரைபடமே போட்டுவிடலாம்.

ஆனால் 2011இல் எடுத்த மொழிக் கணக்கு வெளியானது 2018இல். ஏழாண்டு! கணக்கெடுத்தபோது முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, கணக்கு வெளிவந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தது. தாமதத்துக்கு ஒரு காரணம் சொல்லலாம்: மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569, அவற்றை ஆராய்ந்து, தொகுத்து, பத்தாயிரவர்க்கு மேல் பேசும் 121 மொழிகளாக ஒழுங்குபடுத்தினர். கடினமான வேலை என்பதை நாம் மறுக்கவில்லை. மூலக் கணக்கை முதலில் வெளியிட்டுவிட்டு ஒழுங்குபடுத்தியதைப் பின்னர் வெளியிட்டிருந்தால் காத்திருப்பு குறைந்திருக்கும். 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்புநாளாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. இம்முறை கணக்கெடுப்போர் தாளில் எழுதாமல் கருவியிலேயே பதிவு செய்வர் என்பதால், பட்டியல்கள் விரைந்து வெளிவரும் என்று எதிர்பார்க்கலாம். வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளர் தாய்மொழி எது என்று கேட்கும்போது, வீட்டிலிருப்போர் அவசரத்தில் அந்த ஊர் மொழியின் பெயரைச் சொல்லிவிடுவதுண்டு. அடுத்த பத்தாண்டுக்கு அந்த ஒரு சொல்லே நிற்கும்.

கணக்கு கிடைக்காத இடத்தில் கேட்பதற்கும் வழி உண்டு. திறந்த தரவுத் தளத்திலேயே, இன்ன கணக்கு வேண்டும் என்று எழுதிக் கேட்கும் வசதி வைத்திருக்கிறார்கள். அதற்கு விடை வாராவிடில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் அலுவலகத்துக்கு 10 ரூபாய்க் கட்டணம். 30 நாளைக்குள் விடை தர வேண்டும். ஒரு நுட்பத்தை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, விண்ணப்பம் கொடுக்கும் பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுதலாம். சென்னையில் தமிழில் எழுதலாம். ரேணிகுண்டாவில் எழுதுவதானால் தெலுங்கில் எழுதலாம். அங்குள்ள தமிழர் பலருக்குத் தெலுங்கு எழுத்து நன்கு தெரியும், ஆதலால் அவர்களுக்குச் சிரமமில்லை. அகமதாபாத்திலோ கல்கத்தாவிலோ இருப்போர் அந்த ஊர் எழுத்தறிந்த தம் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தில், வேண்டும் கணக்கைக் கணிப்பொறியில் கூட்டத்தக்க வடிவில் தரும்படி ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். அரசாங்கத்திடம் அவ்வடிவில் கணக்கு இருக்குமாயின் அவ்வாறு பெறுவதற்கு அச்சட்டமே இடம் தருகிறது.